பதினோரு பனிவாரிகள்

பின்லாந்தில், கயானி ஊர்க் காப்பகத்தில்
மார்ச் மாதத்திலும் இடுப்பளவு பனி.
கொட்டகைச் சுவரில் பனிவாரிகள் பதினொன்று;
பத்து நீலம், ஒன்று சிவப்பு.
ஆகவே எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று.

எல்மேரிக்கு இரண்டரை வயது.
சைமா அவனைவிட ஒரு பருவம் மூத்தவள்.
அவன் அறிந்த சொற்கள் நாற்பது இருக்கலாம்.
அவற்றில் நன்றாக முற்றியது "மினுன்".
என்னுடையது என்றும், எனக்கே என்றும்,
செத்தாலும் விடமாட்டேன் என்றும்
இடத்துக்கு ஏற்றபடி பொருள்.

சம்பளத்துக்குப் பகிர்தல் கற்பிக்கிறேன் நான்.
குந்தி உட்கார்ந்து, கண்ணுக்கு நேர் கண் வைத்து,
"முதலில் நீ, பிறகு அவள்" என்று
ஒரு நாளைக்கு அறுபது தடவை.
என் முழங்காலுக்கு மட்டும் அது மனப்பாடம்.

பயிற்சி வகுப்பில் தந்த மணல் கடிகாரம் ஒன்று உண்டு.
இரண்டு நிமிடம் அவனுக்கு,
கவிழ்த்தால் இரண்டு நிமிடம் அவளுக்கு.
பனித்திட்டின் மேல் அதை நிறுத்தினேன்.
சைமா மூக்கொழுக மணலையே பார்த்தாள்.
எல்மேரி இரண்டு வாரி அள்ளினான்.
மூன்றாவதில் நின்று, யோசித்து,
கம்பளிக் கையுறையால் கடிகாரத்தை
மெல்லப் படுக்க வைத்தான்.

மணல் நின்றது.

பன்னிரண்டு வருட வேலையில்
எனக்கு இது தோன்றியதே இல்லை.

நிமிர்த்த வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.
நிமிர்த்தவில்லை, கொஞ்ச நேரம்.
அன்று வெள்ளிக்கிழமை.

வெள்ளி நாலரைக்கு என் ஐலாவை
ஓத்ஸோவின் கார் வரை கொண்டுபோய் விட வேண்டும்.
ஏழு நாள் எனக்கு, ஏழு நாள் அவனுக்கு.
இருவரும் கையெழுத்திட்ட தாள் இருக்கிறது;
அதில் "என்" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.
அலறாமல், தரையில் புரளாமல்,
பையின் ஜிப்பை இழுத்து மூடி
"போய்வா கண்ணே" என்று சொல்லத் தெரிந்த வயது எனக்கு.
ஜிப்பில் மட்டும் ஒவ்வொரு முறையும்
விரல் சிக்கிக்கொள்ளும்.

மூன்று மணிக்குச் சிற்றுண்டி.
கறுப்பு ரொட்டியை எல்மேரி கடித்தான்,
துணி மூடாத காக்காய்க் கடி.
எச்சில் சொட்டும் பாதியை என் வாயருகே நீட்டினான்.
யாரும் கேட்கவில்லை.
கடிகாரம் எட்டாத அலமாரியில் இருந்தது.
தின்பதுபோல் பாவனை செய்தேன்.
விரலை விட்டு என் வாயைத் திறந்து
உள்ளே பார்த்தான்.
பிறகு உண்மையாகவே தின்றேன்.

ஐலா திரும்பிப் பார்க்காமல் காருக்கு ஓடினாள்.
அது நல்ல அறிகுறி என்கிறது கையேடு.
அதை எழுதியவருக்கு
வெள்ளிக்கிழமையே வந்ததில்லை போலும்.

திங்களன்று வெளியே விளையாட்டு முடிந்து
எண்ணிப் பார்த்தால் சுவரில் பத்து நீலம்தான்.
"சிவப்பு எங்கே?" என்றேன்.
அடுத்த முறைக்குக் காத்திருந்த தைஸ்தோ ஓவென்று அழுதான்.
எல்மேரி வானத்தைப் பார்த்தான்,
சைமா தன் காலணியை.
இருவர் கையுறையும் மணிக்கட்டைத் தாண்டி ஈரம்.
வேலியோரம் ஓரிடத்தில் மட்டும் பனி
தட்டித் தட்டிப் பிசைந்த மாவாய் வழவழத்தது.

நான் கற்பித்ததில் இது இல்லை.
ஒன்றைக் கூடி ஒளித்துவிட்டு
ஒரே சிரிப்பை இரண்டு கன்னங்களில்
அடக்கி வைத்திருந்தார்கள்.

தோண்டவில்லை. வெயில் ஏறினால் தானே வெளியே வரும்.
தைஸ்தோவுக்கு ஒரு நீலத்தை எடுத்துக் கொடுத்து
இதுதான் எல்லாவற்றிலும் வேகமானது என்று
பொய் சொன்னேன்.

அடுத்த வெள்ளி ஐலா வந்தாள்.
"அப்பா வீட்டில் என்ன செய்தாய்?"
உதட்டைக் கடித்துக்கொண்டாள், தோள் குலுங்கியது.
"சொல்ல மாட்டேன்.
அது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்."

சரி என்றேன்.
சரி என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.
ஜிப்பைத் திறந்தேன்.
துணிகளுக்கு நடுவே அவள் முயல் பொம்மை
ஒருக்களித்துப் படுத்திருந்தது.